கண் வறட்சிக்கு மீன் எண்ணெய் மாத்திரை போதுமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. வயது 52. வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை. தினமும் ஒன்பது மணி நேரம் கணினித் திரை முன்னால். நான்கு ஆண்டுகளாகக் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். மாலையானால் எரிச்சல், எழுத்து மங்குகிறது. காற்றுப் பட்டால் தண்ணீராகக் கொட்டுகிறது. கண் மருத்துவர் கண் வறட்சி என்று சொல்லி, செயற்கைக் கண்ணீரும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தும் கொடுத்தார். இரண்டாவது மருந்து எரிந்ததால் மூன்றே வாரத்தில் வாசகி தானாகவே நிறுத்திவிட்டார்.

"ரசாயனத்தைக் கண்ணில் விடுவதைவிட இயற்கையான எண்ணெயை உள்ளுக்குச் சாப்பிடுவது மேல்" என்று முடிவு செய்து, பதினான்கு மாதங்களாகத் தினமும் மீன் எண்ணெய் மாத்திரை இரண்டு, காட் லிவர் ஆயில் மாத்திரை இரண்டு, ஒரு தேக்கரண்டி ஆளிவிதை எண்ணெய் எடுத்துவருகிறார். முதல் இரண்டு மாதம் நல்ல நிம்மதி. பிறகு பழைய கதைதான். இரவில் வாய் உலர்ந்து தண்ணீர் குடிக்க எழுவதையும், காலையில் விரல் மூட்டுகள் இறுகிக் கிடப்பதையும் "வயசாச்சு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். தும்மலுக்கு இரவில் அலர்ஜி மாத்திரையும் உண்டு.

அவர் கேட்பவை: மாத்திரைகளின் எண்ணிக்கையைக் கூட்டலாமா? சீ பக்தார்ன் என்ற முள்புதர்ப் பழத்தின் எண்ணெய்க்கு மாறலாமா? விளக்கெண்ணெய் ஒரு சொட்டு கண்ணில் விடலாமா? இதயத் துடிப்புக் கோளாறுக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் 60 வயதுக் கணவருக்கும் காலையில் கண் ஒட்டிக்கொள்கிறது. அவரும் இந்த எண்ணெய் மாத்திரைகளைத் தொடங்கலாமா? கான்டாக்ட் லென்ஸ் போடும் 24 வயது மகளுக்கு வறட்சி வராமலிருக்க இப்போதே கொடுத்துவரலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, எண்ணெய் பற்றிய கேள்விகளுக்காக. இரண்டாம் முறை, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒற்றை வரிக்காக. உங்கள் கேள்விகள் எல்லாவற்றையும்விட அந்த வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

முதலில் ஒன்று. "இதெல்லாம் ஒரு நோயா என்று வீட்டில் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களில் ஒன்று கருவிழியின் மேற்பரப்பு. அங்கே ஈரம் விட்டுப்போனால் எப்படி இருக்கும் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவரால் ஊகிக்க முடியாது. கண்ணும் பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். நீங்கள் மிகைப்படுத்தவில்லை.

இமைக்குள் இருக்கும் எண்ணெய்

"தண்ணீராகக் கொட்டுகிற கண்ணை வறண்ட கண் என்கிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் சளித்தன்மையான பொருள் அடியில், அதன்மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். இந்த எண்ணெய்ப் படலம்தான் நீரை ஆவியாகாமல் காக்கிறது. அது குறைந்தால் ஒரு முறை இமைத்து அடுத்த முறை இமைப்பதற்குள் ஆங்காங்கே கண் காய்ந்துவிடும். காய்ந்த இடம் உறுத்தும். உறுத்தலுக்குப் பதிலாகக் கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டும். அந்த நீரில் எண்ணெய் இல்லாததால் அது நிற்காது. கன்னத்தில் வழிந்தபின் கண் மறுபடி காயும். உங்களுக்குக் காற்றுப் பட்டதும் நடப்பது இதுதான்.

அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது? இமை மயிர் வரிசைக்குச் சற்று உள்ளே, இமையின் விளிம்பில் திறக்கும் சுரப்பிகளிலிருந்து. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை இருக்கும். 1666-இல் இவற்றை விரிவாக விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மெய்போமின் பெயரால் மெய்போமியன் சுரப்பிகள் என்கிறோம். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவற்றிலிருந்து துளித்துளியாக எண்ணெய் பிதுங்கி வரும். நலமாக இருக்கும் சுரப்பியை அழுத்தினால் தெளிந்த எண்ணெய் வரும். அடைபட்ட சுரப்பியிலிருந்து பற்பசைபோலக் கெட்டியாக வரும், அல்லது எதுவுமே வராது. நீண்ட நாள் அடைபட்டுக் கிடந்தால் சுரப்பியே சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கியதை மீட்பது கடினம்.

நாள்பட்ட கண் வறட்சியில் பெரும்பங்கு இந்த அடைப்பைச் சார்ந்தது. உங்கள் மனத்தில் இருக்கும் கணக்கு, "கண்ணில் எண்ணெய் குறைவு, ஆகவே எண்ணெய் சாப்பிட்டால் கூடும்" என்பது. கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். ஆனால் நாம் விழுங்கும் எண்ணெய் குடலில் செரித்து, கொழுப்பு அமிலங்களாகப் பிரிந்து, உடம்பு முழுவதற்கும் போகிறது. இமைக்கென்று தனி வழி கிடையாது. உள்ளே எவ்வளவு ஊற்றினாலும் வாசலில் இருக்கும் அடைப்பு அப்படியேதான் இருக்கும். மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 என்ற கொழுப்பு அமிலம் அழற்சியைத் தணிக்கலாம், சுரக்கும் எண்ணெயின் தன்மையை மாற்றலாம் என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருந்த நம்பிக்கை. நானும் பல ஆண்டுகள் அந்த நம்பிக்கையோடு பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆய்வுகள் சொன்னது

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 2005-இல் அமெரிக்காவில் 32,000-க்கும் மேற்பட்ட பெண்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தபோது, ஒமேகா-3 அதிகம் உண்டவர்களிடம் கண் வறட்சி குறைவாகக் காணப்பட்டது. சில சிறிய ஆய்வுகளிலும் மாத்திரையால் பலன் தெரிந்தது. ஆனால் மீன் அதிகம் சாப்பிடுபவரின் வாழ்க்கையில் வேறு எத்தனையோ நல்ல பழக்கங்கள் இருக்கலாம். எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதைப் பிரித்துப் பார்க்கத்தான் ட்ரீம் என்ற ஆய்வு நடந்தது. முடிவு 2018-இல் வெளியானது. கண் வறட்சியால் அவதிப்பட்ட 535 பேரில் ஒரு பகுதியினருக்கு ஓராண்டு முழுவதும் தினமும் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 (மீன் எண்ணெயில் உள்ள அதன் இரண்டு வகைகளான இபிஏ 2,000, டிஎச்ஏ 1,000), மற்றவர்களுக்கு அதே தோற்றத்தில் ஆலிவ் எண்ணெய் மாத்திரை. யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நூற்றுக்கு இத்தனை என்று தொல்லையை அளக்கும் கேள்வித்தாளில் மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு 13.9 புள்ளியும், ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு 12.5 புள்ளியும் குறைந்தது. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. கருவிழி காய்ந்திருக்கும் அளவு, கண்ணீர்ப் படலம் நிற்கும் நேரம் போன்ற பரிசோதனைகளிலும் அப்படித்தான்.

இதைச் சொல்வது உங்கள் முதல் இரண்டு மாத நிம்மதி பொய் என்பதற்காக இல்லை. அந்த ஆய்வில் இரு தரப்பினருக்கும் உண்மையாகவே தொல்லை குறைந்ததைப் பாருங்கள். கண் வறட்சி ஏறி இறங்கும் நோய். தாங்க முடியாத உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிதாக எதையாவது தொடங்குகிறோம். அந்த உச்சம் எப்படியும் கொஞ்சம் இறங்கும். அதே சமயத்தில் "வேலை நேரத்தையும் குறைத்துக்கொண்டேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெயரை மட்டும் மாத்திரை தட்டிக்கொண்டு போயிருக்கிறது.

எண்ணிக்கையைக் கூட்டலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 1,000 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும் வழக்கமான மீன் எண்ணெய் மாத்திரையில் இபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். மீதி வேறு கொழுப்பு. புட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் பாருங்கள். ட்ரீம் ஆய்வின் அளவை எட்ட நாளுக்குப் பத்து மாத்திரை வேண்டும். அந்த அளவே ஆலிவ் எண்ணெயை வெல்லவில்லை என்னும்போது, இரண்டை நான்காக்கி என்ன காணப்போகிறோம்?

ஆளிவிதை எண்ணெயில் இருப்பது ஏஎல்ஏ என்ற வேறு வகை ஒமேகா-3. நம் உடம்பு அதில் மிகச் சிறிய பங்கைத்தான் இபிஏ-வாகவும், அதைவிடக் குறைவாக டிஎச்ஏ-வாகவும் மாற்றுகிறது. உணவாகப் பிடித்திருந்தால் சாப்பிடுங்கள், தவறில்லை. சீ பக்தார்ன் எண்ணெயைப் பின்லாந்தில் சுமார் நூறு பேரிடம் மூன்று மாதம் சோதித்தார்கள். கண்ணீரின் உப்புச்செறிவு ஏறுவதை அது ஓரளவு தடுத்தது. ஊக்கம் தரும் சேதிதான், ஆனால் ஒரு சிறிய ஆய்வை வைத்துக்கொண்டு மாறுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

காட் லிவர் ஆயிலைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். மீன் எண்ணெயும் இதுவும் ஒன்றே என்று நினைத்திருக்கிறீர்கள். இது மீனின் ஈரலிலிருந்து எடுப்பது. வைட்டமின் ஏ-யும் டி-யும் இதில் நிறைய. வைட்டமின் ஏ குறைந்தால் கண் வறளும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குறைபாட்டில் மாலைக்கண் முதலில் எட்டிப்பார்க்கும். உங்களுக்கு அது இல்லை. குறைவில்லாத உடம்பில் காட் லிவர் ஆயிலில் இருப்பதுபோன்ற தயார்நிலை வைட்டமின் ஏ-யை நாளுக்கு 3,000 மைக்ரோகிராமுக்கு மேல் நெடுநாள் சேர்த்தால் ஈரலும் எலும்பும் பாதிக்கப்படும். பலவகை எண்ணெய் மாத்திரைகளோடு சத்து மாத்திரையும் சேரும்போது இந்த வரம்பைத் தாண்டுவது எளிது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து, அது மெய்போமியன் சுரப்பிகளைச் சுருங்கச் செய்து கண்ணை உலர்த்துவதைக் கண் மருத்துவர்கள் நன்றாக அறிவோம். கூடினாலும் கெடுதல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒருவேளை நிறுத்தினால் இன்னும் மோசமாகிவிடுமோ என்ற பயம் வரும். ட்ரீம் ஆய்வில் ஓராண்டு மீன் எண்ணெய் சாப்பிட்ட 43 பேரை மேலும் ஓராண்டு தொடர்ந்தார்கள்; சிலருக்கு அதையே தொடர்ந்தார்கள், சிலருக்கு ஆலிவ் எண்ணெய்க்கு மாற்றினார்கள். மாற்றப்பட்டவர்கள் மோசமாகவில்லை.

விளக்கெண்ணெயும், நீங்கள் நிறுத்திய சொட்டு மருந்தும்

விளக்கெண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம். புட்டியில் வரும் எண்ணெய் கிருமி நீக்கப்பட்டதில்லை. ஏற்கெனவே காய்ந்து, மேல்தோல் உரிந்து நிற்கும் கருவிழியில் கிருமி புகுந்தால் புண்ணாகும், தழும்பு பார்வையை மறைக்கும்.

ஆனால் உங்கள் யோசனையின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. விளக்கெண்ணெயைக் கண்ணுக்கு ஏற்றபடி சுத்திகரித்து, கிருமி நீக்கி, நீரோடு நுண்துளிகளாகக் கலந்து செய்த சொட்டு மருந்துகள் உண்டு. நீங்கள் எரிகிறது என்று நிறுத்தினீர்களே, அந்தச் சைக்ளோஸ்போரின் மருந்தின் பரவலான வடிவம் ஒன்றில் மருந்தை ஏந்திவருவது விளக்கெண்ணெய்தான். இயற்கை ஒரு பக்கம், ரசாயனம் ஒரு பக்கம் என்று கோடு கிழித்துவிட்டு எதை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

சைக்ளோஸ்போரின் கண்ணீர்ச் சுரப்பியிலும் கண்ணின் மேற்பரப்பிலும் உள்ள அழற்சியைத் தணிக்கும். முதல் சில வாரங்கள் எரிச்சல் பலருக்கும் வரும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும், சிலருக்கு ஆறு. மூன்று வாரத்தில் உங்களுக்குக் கிடைத்தது எரிச்சல் மட்டுமே. பலன் வரும் காலம் வரவே இல்லை. இதைக் கொடுத்தவர் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அது உங்கள் தவறில்லை. அவரிடமே திரும்பப் போய், "எரிந்தது, நிறுத்திவிட்டேன்" என்று சொல்லுங்கள். எரிச்சல் அடங்கும்வரை சில வாரங்களுக்கு மட்டும் மென்மையான ஸ்டீராய்டு சொட்டு சேர்த்துத் தருவதும் உண்டு. அதை மட்டும் அவர் கண்காணிப்பில்லாமல் நீட்டிக்க வேண்டாம்; கண் அழுத்தமும் கண்புரையும் வந்து சேரும்.

நீங்கள் ஒரே வரியில் சொன்னது

வாய் உலர்ந்து இரவில் எழுவது. காலையில் விரல்கள் இறுகிக் கிடப்பது. இரண்டையும் கண் வறட்சியோடு சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஷோக்ரென் நோய் நினைவுக்கு வருகிறது. 1933-இல் சுவீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென் விவரித்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளையே தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகம், நடுவயதில்தான் பெரும்பாலும் வெளிப்படும். கண்ணோடு நிற்காமல் மூட்டு, நுரையீரல், சிறுநீரகம், நரம்பு என்று போகக்கூடியது என்பதால்தான் தவறவிடக் கூடாது என்கிறேன்.

உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சாப்பிடும் அலர்ஜி மாத்திரையே கண்ணையும் வாயையும் சேர்த்து உலர்த்தக்கூடியது. மாதவிடாய் நிற்கும் வயதின் ஹார்மோன் மாற்றமும் உண்டு. ஆனால் அலர்ஜி மாத்திரை விரல் மூட்டை இறுக்காது. காலை இறுக்கம் எத்தனை நேரம் நீடிக்கிறது என்று ஒரு வாரம் கடிகாரம் பார்த்துக் குறித்துவையுங்கள். அரை மணிக்கு மேல் நீடித்தால் மூட்டழற்சியாக இருக்க வாய்ப்பு கூடுதல். உலர்ந்த உணவை விழுங்கத் தண்ணீர் தேவைப்படுகிறதா, பல் அடிக்கடி சொத்தையாகிறதா என்பதையும் எழுதுங்கள். மருத்துவர் கேட்டால் இதெல்லாம் சட்டென்று நினைவுக்கு வராது.

கண் மருத்துவரிடம், ஷிர்மர் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கீழ் இமையில் சிறு தாள் பட்டையை ஐந்து நிமிடம் வைத்து எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது; ஐந்தோ அதற்குக் கீழோ வந்தால் கண்ணீரே குறைவு என்று பொருள். சாயம் விட்டுக் கண்ணீர்ப் படலம் எத்தனை நொடி உடையாமல் நிற்கிறது என்றும் பார்ப்பார். பத்து நொடிக்குள் உடைந்தால் குறைபாடு. இமையை அழுத்திச் சுரப்பிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுடையது நீர் குறைந்த வறட்சியா, எண்ணெய் அடைபட்ட வறட்சியா, இரண்டுமா என்பது அப்போதுதான் தெரியும். நான்கு ஆண்டாக இது தெரியாமலே வைத்தியம் நடந்திருக்கிறது. கூடவே மூட்டுநோய் மருத்துவர் ஒருவரைப் பார்த்து, உடம்பு தன்னையே தாக்குகிறதா என்று காட்டும் ஏஎன்ஏ, ஆன்டி-ரோ ரத்தப் பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். அலர்ஜி மாத்திரைக்குப் பதிலாக மூக்கில் அடிக்கும் மருந்து போதுமா என்பதையும் எழுதிக் கொடுத்தவரிடம் கேட்கலாம்.

அதுவரை வீட்டில்

இமை அடைப்புக்கு வெதுவெதுப்பு ஒத்தடம்தான் நேரடி வழி. கெட்டியான எண்ணெய் உருக, மூடிய இமையில் சுமார் 40 டிகிரி சூடு ஐந்து முதல் பத்து நிமிடம் நிற்க வேண்டும். நனைத்த துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும். பலருக்கு ஒத்தடம் பலிக்காததற்குக் காரணம் அதுதான். துணியை மாற்றிக்கொண்டே இருங்கள், அல்லது சூட்டைப் பிடித்துவைக்கும் கண் பட்டையைப் பயன்படுத்துங்கள். முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பாருங்கள். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாக, கீழ் இமையைக் கீழிருந்து மேலாக விரல் நுனியால் மெல்ல நீவிவிடுங்கள். கண்ணுருண்டையை அழுத்தக் கூடாது. தினமும் ஒரு முறையாவது, ஆறு வாரம் விடாமல்.

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பதினைந்து முறைக்கு மேல் இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது ஐந்து, ஏழு என்று இறங்கிவிடும்; இமைப்பதும் பாதியிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு பக்கம் மொழிபெயர்த்து முடித்ததும் கண்ணை முழுமையாக மூடி, இரண்டு நொடி வைத்து, திறங்கள். இப்படிப் பத்து முறை. திரையைக் கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கினால் கண் விரியத் திறப்பது குறையும். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். செயற்கைக் கண்ணீரை நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விடுகிறீர்கள் என்றால் பதப்படுத்தும் பொருள் சேராத வகையாக வாங்குங்கள்; அந்தப் பொருளே கண்ணை அரிக்கும். கண் சிவப்பைப் போக்கும் சொட்டு என்று விற்பதை மட்டும் தொடாதீர்கள். நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும்.

கண்ணில் கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், பார்வை திடீரென்று குறைவது, ஒரு கண் மட்டும் சிவப்பது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் ஒன்று வந்தாலும் அது வெறும் வறட்சி இல்லை. அன்றைக்கே போங்கள்.

கணவரும் மகளும்

உங்கள் கணவர் தொடங்க வேண்டாம். அதிக அளவு ஒமேகா-3 இதயத் துடிப்பைச் சீர்குலைக்கலாம் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. இதய நோய் அபாயம் உள்ளவர்களிடம் நாளுக்கு 4 கிராம் இபிஏ கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றில், ஏட்ரியல் (இதய மேலறை) துடிப்புக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்துத் தரப்பில் 3.1 சதவீதம், மற்றத் தரப்பில் 2.1 சதவீதம். ஏற்கெனவே அந்தக் கோளாறுக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் தானாக இதைச் சேர்த்துக்கொள்வது சரியில்லை. இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் வேண்டாம். காலையில் கண் ஒட்டுகிறது என்றால் அவருக்கு இமை விளிம்பில் அழற்சி இருக்கலாம். இமை மயிரின் அடியில் பொடுகுபோல ஒட்டியிருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒத்தடமும் இமையைச் சுத்தம் செய்வதும் அவருக்கும் பொருந்தும். ஒரு முறை கண் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்கட்டும்.

மகளுக்கும் தேவையில்லை. கண் வறட்சி இல்லாத 23,523 பேருக்கு, ஒரு பகுதியினருக்குத் தினமும் ஒரு கிராம் ஒமேகா-3, மற்றவர்களுக்குப் போலி மாத்திரை என்று கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 2022-இல் வந்த முடிவு, மாத்திரையால் வறட்சி வருவது குறையவில்லை என்பதே. அவர்கள் உங்கள் மகளைவிட மூத்தவர்கள்தான். ஆனாலும் அவளுக்கு மட்டும் பலிக்கும் என்று நம்ப ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. லென்ஸைப் போட்டுக்கொண்டு தூங்காமல் இருப்பதும், குழாய்த் தண்ணீரில் கழுவாமல் இருப்பதும், டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவதும் அவள் கண்ணுக்கு எந்த எண்ணெயையும்விடப் பெரிய காவல். என்றாவது ஒரு கண் சிவந்து வலித்தால் "சரியாகிவிடும்" என்று அவள் காத்திருக்கக் கூடாது. உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போகட்டும். கழற்றிய லென்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அது உதவும், டப்பாவோடு கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.